காரணம் எழுதும் கட்டம்

பல்கலைக்கழக அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் நாளைக்கம்மா. பட்டப்பெயர் வைப்பதில் மாணவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாலாம் ஜன்னல்காரருக்கு அவர்கள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. அதோடு ஒப்பிட்டால் இந்தம்மாவை மரியாதையாகவே நடத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் ஜன்னலின் வேலை பாடம் மாற்றிக் கொடுப்பது. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து பதினான்கு நாள் அவகாசம். சேர்ந்த பாடம் பிடிக்காதவர்கள், பிடித்த பாடத்தை வீட்டில் பிடிக்காதவர்கள், பக்கத்தில் உட்கார்ந்த சிநேகிதி வேறு பாடத்துக்குப் போய்விட்டாள் என்பதற்காகத் தானும் போகிறவர்கள் எல்லாரும் ஒரு மஞ்சள் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பழைய பாடம், புதிய பாடம், காரணம், பெற்றோர் கையெழுத்து, ஒரு போட்டோ, பள்ளிச் சான்றிதழின் நகல். எல்லாம் சரியாக இருந்தால் ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை விழும். பதினெட்டு வயதில் அந்த முத்திரை விழுந்த பாடம்தான் பெரும்பாலும் அறுபது வயது வரைக்கும் கூட வரும்.

கெடுவின் கடைசி நாளைத் தவிர, முதல் தடவை வந்த ஃபாரத்துக்கு நாளைக்கம்மா முத்திரை போட்டதே கிடையாது. எப்படியும் ஒரு குறை கண்டுபிடித்துவிடுவார். போட்டோவில் காது தெரியவில்லை. நகல் மங்கலாக இருக்கிறது. தேதியை அடித்துத் திருத்தியிருக்கிறாய். ஒன்றுமே கிடைக்காவிட்டால், ஃபாரத்தில் மடிப்பு விழுந்திருக்கிறது, புதுசில் எழுதிக்கொண்டு வா. "நாளைக்கு வாங்க" என்று சொல்லி, கண்ணாடியின் அரைவட்ட ஓட்டை வழியாகத் தாளை வெளியே தள்ளிவிடுவார். மறுநாள் அதே ஃபாரம் அதே காது தெரியாத போட்டோவோடு வந்தால் மறுபேச்சில்லாமல் முத்திரை போடுவார். இதைக் கவனித்த மாணவர்கள் அவருக்கு மறதி என்று முடிவு கட்டினார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் திமிர் என்றார்கள்.

உண்மையில் அவர் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரி அவகாசம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முடிவெடுத்த பிறகும் ஒரு தடவை தூங்கி எழுந்து யோசிக்கட்டும் என்று நினைத்தார். பத்துப் பேரைத் திருப்பி அனுப்பினால் ரெண்டு பேர் மறுநாள் வரமாட்டார்கள். மனசு மாறி, சேர்ந்த பாடத்திலேயே இருந்துவிட்டார்கள் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

"அந்த ரெண்டு பேருக்காகத்தான் மத்த எட்டுப் பேர்கிட்ட திட்டு வாங்குறேன். பதறாத காரியம் சிதறாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று நாலாம் ஜன்னல்காரரிடம் சொல்வார்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னும் சொல்லியிருக்காங்கக்கா" என்பார் அவர், பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே. முப்பது வருடமாக இருவரும் இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஜெயிக்கவில்லை.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். பதினெட்டு வயதில் நாளைக்கம்மா இதே பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கச் சேர்ந்தார். மூன்றே நாள் வகுப்பு. மூன்றாம் நாள் வாத்தியார் ஒரு கறுப்புக் கல்லை அவர் கையில் கொடுத்து, இது உருவானபோது உலகத்தில் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை என்றார். மணி அடிக்கும் வரை அவர் அந்தக் கல்லைக் கீழே வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லலாம் என்று வந்தால், அண்ணன் மஞ்சள் ஃபாரத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"கல்லைப் படிச்சுட்டு என்ன பண்ணப் போற? வணிகவியல்னா நாளைக்கே ஒரு ஆபீஸ்ல உக்காரலாம்" என்றான். கெட்ட எண்ணம் கிடையாது. தங்கை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னான். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சும் கிடையாது.

அவர் ஃபாரத்தை நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டார். ஜன்னலில் இருப்பவர் அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார், அண்ணன் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், அதற்குள் அம்மாவிடம் பேசிவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஜன்னலில் இருந்தவரோ தங்கமான மனிதர். "இதை விட்டுட்டியேம்மா" என்று சிரித்தபடி தன் பேனாவாலேயே அந்தக் கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி முத்திரையைக் குத்திவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணன் அவருக்கு நன்றி சொன்னான்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வணிகவியல் முடித்தார், அந்தப் பட்டத்தை வைத்தே இந்த வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து அவரவர் வேலைக்குப் போனார்கள். "அன்னைக்கு நான் மாத்தலைன்னா இந்த வேலை கிடைச்சிருக்குமா?" என்று அண்ணன் இன்றைக்கும் கேட்பான். அது நியாயமான கேள்விதான். ஆனாலும் பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்கு வர நிலவியல் கட்டடத்தின் ஓரமாக ஒரு குறுக்குவழி உண்டு. முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அந்த வழியாக வந்ததில்லை.

ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தபோது, பாடம் மாற்றும் பதின்மூன்றாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்கு அந்தப் பெண் வந்தாள். ஒல்லியான உடம்பு, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஃபாரத்தை வாங்கிப் பார்த்த நாளைக்கம்மாவின் கை அப்படியே நின்றது. பழைய பாடம், நிலவியல். புதிய பாடம், வணிகவியல். காரணம், 'என் விருப்பம்'.

யார் விருப்பம் என்று எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டார். எட்டிப் பார்த்தார். வராந்தா பெஞ்சில் ஒரு இளைஞன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அண்ணன்தான், சந்தேகமே இல்லை.

"போட்டோல காது தெரியலையே" என்றார்.

பெண் ஃபைலைத் திறந்து இன்னொரு போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு காதும் தெரிந்தது.

"நகல் மங்கலா இருக்கு."

இன்னொரு நகல் வந்தது. அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தது.

"ஃபாரத்துல மடிப்பு விழுந்திருக்கே."

மடிப்பே விழாத இன்னொரு ஃபாரம் வந்தது, முழுவதும் நிரப்பி, கையெழுத்தும் வாங்கி. மூன்றாம் ஜன்னலுக்குப் போனால் எல்லாவற்றையும் ரெண்டு ரெண்டாக எடுத்துக்கொண்டு போ என்று சீனியர்கள் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாளைக்கம்மாவுக்குக் காது சுட்டது. அவமானம் ஒரு பக்கம். இந்தப் பெண்ணை இப்போது விட்டால் போய்விடுவாளே என்ற பயம் இன்னொரு பக்கம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம்.

"அப்பா கையெழுத்து சர்டிபிகேட்ல இருக்கிற மாதிரி இல்லையே" என்றார். இதுவரை யாரிடமும் அவர் சொல்லாத குறை அது. பத்தாம் வகுப்பில் வாங்கிய பள்ளிச் சான்றிதழில் கையெழுத்து சுழித்துக்கொண்டு ஓடியது. ஃபாரத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றும் கோணிக்கொண்டு தனித்தனியாக நின்றன.

"அப்பாவுக்கு இப்ப இப்படித்தான் மேடம் போட வரும்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. சரியா கையெழுத்து வாங்கிட்டு நாளைக்கு வாங்க."

"அப்பா ஊர்ல இருக்காரு மேடம். பஸ்ல ஏழு மணி நேரம்."

"நேர்ல போய் அப்பாகிட்ட பேசுறதும் நல்லதுதானேம்மா" என்றார் நாளைக்கம்மா. மனசாரத்தான் சொன்னார்.

அந்தப் பெண் கெஞ்சவில்லை. ரெண்டு ரெண்டாக இருந்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி ஃபைலில் வைத்துக்கொண்டு போனாள். பெஞ்சில் இருந்த இளைஞன் அவளோடு எழுந்து போகவில்லை. முதல் ஜன்னலில் அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள், அவன் அங்கே போனான். அப்போதுதான் நாளைக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. கூப்பிடலாம் என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அதற்குள் அடுத்த பையன் ஃபாரத்தை உள்ளே தள்ளினான். உட்கார்ந்துவிட்டார். பிற்பாடு அவர் அதிகம் நினைத்துப் பார்த்தது அந்தப் பாதி எழுந்ததைத்தான்.

பதினான்காம் நாள் நான்கு மணிக்கு ஜன்னல் மூட வேண்டும். நாளைக்கம்மா மூடவில்லை. சூப்பிரண்டிடம் போய் இருபது நிமிஷம் கேட்டார். சூப்பிரண்டு அவரைவிடப் பத்து வயது சின்னவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்.

"ஒருத்தருக்காக நிறுத்துனா எல்லாருக்கும் நிறுத்தணும் மேடம்" என்று சொல்லிவிட்டு அப்போதே பாடம் மாறியவர்களின் பட்டியலைத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். முப்பத்தோரு வருடத்தில் நாளைக்கம்மா அவகாசம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்தப் பெண் வந்தாள். கூடவே ஒரு ஆள். வெளுத்த சட்டை, வெயிலில் கறுத்த முகம். ஜன்னலுக்கு வந்ததும் குனிந்து வணக்கம் சொன்னார்.

"வழியில பஸ் நின்னுடுச்சும்மா. கையெழுத்து சரியில்லைன்னு சொன்னீங்களாம். மறுபடி போட்டுக் குடுத்தாலும் இப்படித்தான் இருக்கும். அதான் உங்க கண்ணு முன்னாடியே போட்டுடலாம்னு நானே வந்தேன்."

சொல்லிவிட்டு இடது கையில் பேனாவைப் பிடித்தார். ஃபாரம் நகராமல் இருக்க வலது கையை அதன்மேல் வைத்தார். அந்தக் கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் இருந்தன. ஒவ்வொரு எழுத்தாக, கோணல் மாணலாக, அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை நாளைக்கம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அசையாமல் இருந்தார். நேற்றுப் பார்த்த அதே கையெழுத்துதான்.

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா. குவாரில கல்லு உடைக்கிற மிஷின்ல மாட்டிக்கிச்சு" என்றார் அந்த மனிதர், நாளைக்கம்மாவின் பார்வை போன இடத்தைப் பார்த்து. "கல்லைப் பத்திப் படின்னு சொன்னது நான்தான். எங்க குவாரிக்குச் சுத்தியலும் பையுமா ஒரு அம்மா வருவாங்க. மொதலாளியே எந்திரிச்சு நிப்பாரு. எம் பொண்ணும் அப்படி வரணும்னு ஒரு ஆசை. எனக்காகத்தான் இவ அதுல சேர்ந்தா."

நாளைக்கம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தார். நேற்று ஃபாரத்தைப் பார்த்தாரே தவிர இவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கிளாஸ்ல கல்லை எடுத்துக் கையில குடுத்தாங்க மேடம்" என்றாள் பெண். "எனக்கு அப்பா கைதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அங்க உக்கார முடியல. எனக்கு ஆரம்பத்துலயிருந்தே வணிகவியல்தான் பிடிக்கும். சொல்லத்தான் தைரியம் வரல. போன வாரம் ஊருக்குப் போய்ச் சொன்னேன். அப்பா ராத்திரி பூரா பேசல. காலையில எந்திரிச்சு, கொண்டா கையெழுத்துப் போடறேன்னாரு."

நாளைக்கம்மா கொடுக்க நினைத்த ராத்திரி போன வாரமே கழிந்திருந்தது. அப்பாவும் மகளும் அதை விழித்தபடி கழித்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு ராத்திரியை அவர் வாங்கிக் கொடுத்து, அந்தக் கையோடு அந்த மனிதரை ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டார்.

"நேரம் முடிஞ்சுபோச்சாம்மா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"உக்காருங்க. கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நாளைக்கம்மா சூப்பிரண்டின் அறைக்குப் போனார்.

நடந்ததை மறைக்காமல் சொன்னார். சூப்பிரண்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெடு முடிந்த பிறகு பாடம் மாற்ற ஒரே ஒரு வழிதான் விதியில் இருந்தது. தாமதம் அலுவலகத்தின் தவறால் வந்தது என்று எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். தேதி, மாணவர் விவரம், தவறு என்ன, தவறுக்குக் காரணம், ஊழியர் கையெழுத்து. சூப்பிரண்டு அதை எடுத்துத் தானே எழுத ஆரம்பித்தார். மூத்த ஊழியருக்கு உதவி செய்கிறோம் என்ற அக்கறை அவருக்கு. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் "கவனக்குறைவுன்னு போட்டுடுறேன் மேடம். உங்களுக்கு ஒரு மெமோவோட போயிடும்" என்றார்.

"கவனக்குறைவுன்னு போட்டா அந்தப் பொண்ணுக்குக் கட்டாயம் கிடைச்சிடுமா சார்?"

சூப்பிரண்டு பேனாவைக் கட்டத்துக்கு வெளியே நிறுத்தினார். "கமிட்டி கேள்வி கேக்கும். குறை இல்லாத ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்தா அந்தப் பொண்ணு ஏன் அன்னைக்கே மேல வந்து சொல்லலன்னு கேப்பாங்க. கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். ஆனா தெரிஞ்சே திருப்பி அனுப்பினேன்னு நீங்க எழுதுனா பழி முழுக்க உங்க மேலதான். ஜன்னல்ல உக்கார விடமாட்டாங்க. விசாரணை வரும். இத்தனை வருஷமா எத்தனை பேரைத் திருப்பி அனுப்புனீங்கன்னு தோண்டுவாங்க. மூணு வருஷம்தானே மேடம் இருக்கு?"

எத்தனை பேர் என்ற சொல் நாளைக்கம்மாவைப் பிடித்துக்கொண்டது. பத்துக்கு ரெண்டு பேர். மறுநாள் வராத அந்த ரெண்டு பேரைத்தான் அவர் இத்தனை வருடம் தன் சம்பாத்தியம் என்று நினைத்திருந்தார். மனசு மாறித்தான் வரவில்லை என்று எதை வைத்து நம்பினார்? ஒருத்தரையாவது கூப்பிட்டுக் கேட்டதுண்டா? யாருக்குப் பஸ் கிடைக்கவில்லையோ, யார் வீட்டில் மறுநாள் விடவில்லையோ, யாருக்குத் திரும்ப வந்து நிற்கத் தைரியம் இல்லாமல் போனதோ. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அவர் கண்ணுக்கு வரிசையில் நின்ற அத்தனை பேரும் பதினெட்டு வயது நாளைக்கம்மாவாகவே தெரிந்திருக்கிறார்கள்.

சூப்பிரண்டின் பேனா கட்டத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"சார், அந்த இடத்தை விட்டுடுங்க" என்றார். "அதை நான்தான் எழுதணும்."

படிவத்தை வாங்கிக்கொண்டு, நின்றபடியே எழுதினார். தவறு என்ன என்ற இடத்தில்: ஃபாரத்தில் குறை எதுவும் இல்லை. தெரிந்தே திருப்பி அனுப்பினேன். மாணவி அப்போதே விளக்கம் சொன்னார். நான் கேட்கவில்லை. காரணம் என்ற கட்டத்துக்கு வந்தார். அப்புறம் எழுதினார்: இந்தப் பெண்ணை நான் என்று நினைத்துவிட்டேன்.

சூப்பிரண்டு அதை இரண்டு தடவை படித்தார். அப்படி ஒரு காரணத்தை எந்த விதியில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

கமிட்டி கூடப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அந்தப் பெண் வணிகவியல் வகுப்பின் கடைசி பெஞ்சில், வருகைப் பதிவில் பெயர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்று நாலாம் ஜன்னல்காரர் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். பழமொழி எதுவும் சொல்லவில்லை. நாளைக்கம்மா தினமும் அந்தக் குறுக்குவழியாக, நிலவியல் கட்டடத்தை ஒட்டி நடந்து வந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

பதினோராம் நாள் காலையில் இரண்டு உத்தரவுகள் ஒன்றாக வந்தன. ஒன்று, மாணவிக்குப் பாடம் மாற்ற அனுமதி. இன்னொன்று, மூன்றாம் ஜன்னல் ஊழியர் மறுநாள் முதல் பழைய பதிவேடுகள் அறைக்கு மாற்றம், விசாரணை தொடரும். முத்திரை இன்னும் அவர் மேஜையில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் வரை அது அவர் பொறுப்பு.

மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். ஃபாரத்தை உள்ளே நீட்டினாள். கைக்கு அடியில் அதே பிளாஸ்டிக் ஃபைல் தயாராக இருந்தது. இன்னொரு போட்டோ, இன்னொரு நகல், மடிப்பு விழாத இன்னொரு ஃபாரம், அதில் இடது கையால் போட்ட இன்னொரு கையெழுத்து.

"நாளைக்கு வரணுமா மேடம்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"வேணாம்மா" என்றார் நாளைக்கம்மா.

மைப்பெட்டியைத் திறந்தார், முத்திரையை அழுத்தி எடுத்தார், குத்தினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.